தண்ணீரைப் பார்த்து வைத்த வெடி

உன் நினைவு மலரின் புரூவ், அச்சுக்கு முந்திய பிரதி, பிழை பார்க்கச் சொல்லி போன வாரம் செவ்வாய்க்கிழமை எனக்கு வந்தது. இன்னும் மேசையில்தான் கிடக்கிறது, அச்சு மை வாசம் போகவில்லை. அட்டையில் உன் படம். யாருடைய கலியாண வீட்டில் எடுத்ததோ தெரியாது, நீ யாரையோ முறைத்துக்கொண்டு நிற்கிறாய். உள்ளே தேவாரம், குடும்ப விருட்சம், பிறகு ஆருக்கும் பொருந்துகிற மாதிரி எழுதி வைத்த நாலு பாட்டு. 'குலவிளக்கே, குத்துவிளக்கே' என்று போகிறது. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நானும் சிரித்துக்கொண்டுதான் புரட்டினேன், பதினோராம் பக்கம் வரும்வரை.

பதினோராம் பக்கம் உன் தம்பி எழுதியது. 'அக்கா எங்களுக்காகவே வாழ்ந்தவர். துவக்கு விடயத்தில் ஒருமுறை கவனயீனமாக நடந்து அவமானத்துக்கு ஆளானபோதும் நாங்கள் அவரைக் கைவிடவில்லை.'

கைவிடவில்லையாம்! அந்தத் துப்பாக்கி வெடியை வைத்தது நீ இல்லை. அவன். அது அவனுக்குத் தெரியும், உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். நான் வாய் திறக்கமாட்டேன் என்ற தைரியத்தில் அவன் உன்னுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிப் புத்தகத்திலேயே உன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறான்.

அவன் மீது எனக்கு வந்த கோபம் சின்னக் கோபம்தான். பெரிய கோபம் உன்மீது. அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன்.

ஸ்கார்பரோவின் டோர்செட் பார்க் அடுக்குமாடிக் கட்டடத்தின் பழுதான லிஃப்டுக்குள் நாற்பது நிமிடம் அகப்பட்டபோதுதான் நாம் முதன்முதல் கதைத்தோம். அப்போது 'நீங்கள்'. அடுத்த பனிக்காலம் 'நீர்'. மூன்றாவது பனிக்காலத்தில்தான் 'நீ' வந்தது, அதுவும் நீ என்னைத் திட்டும்போது. பிறகு நான் வோபர்னுக்கு வீடு மாறி ஸ்கூல் பஸ் ஓட்டத் தொடங்கினேன். நீ அதே கட்டடத்தில் இருந்தாய். உன் கணவர் திடீரென்று செத்துப்போனபிறகு ஒரு வருடம் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தாய், டொக்டர் கொடுத்த மருந்தை விழுங்கிக்கொண்டு. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, லின்ட்சே என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் காணி வாங்கப் போகிறேன், உள்ளிப்பூண்டு நடப் போகிறேன் என்றாய். சனம் எல்லாம் உனக்குத் தலை கழன்றுவிட்டது என்றது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் முதல் ஜூலையில் நீ கிண்டிய உள்ளி குழந்தைப்பிள்ளையின் கைப்பிடி அளவு இருந்தது. உன் முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு இரத்தம் ஓடியது.

பக்கத்துக் காணிக்காரர் வால்ட்டர். எழுபது தாண்டிய வெள்ளைக்காரர், தனிக்கட்டை, ஒரு கறுப்பு நாய். தன் டிராக்டரைக் கொண்டுவந்து உன் நிலத்தை உழுது கொடுத்தார். நீ அவரை 'வால்ட்டர் அண்ணை' என்று கூப்பிட்டாய். அவர் அண்ணை என்றால் மிஸ்டர் மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டு தானும் உன்னை உன் பெயரோடு அண்ணை சேர்த்துக் கூப்பிட்டார். இரண்டு பேரும் வேலியில் சாய்ந்து நின்று மணிக்கணக்காகக் கதைப்பீர்கள். உன் இங்கிலிஷும் அவருடைய செவிட்டுக் காதும் எப்படி ஒத்துப்போயின என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டாம் வருடம் பீவர்கள் வந்தன, தண்ணீரில் வாழுகிற, நாய் அளவு எலி மாதிரிப் பிராணிகள். காணியின் பின்பக்கம் ஓடுகிற சின்ன ஓடையை, பல்லால் மரத்தைத் தறித்துக் குறுக்கே அடைத்தன. தண்ணீர் ஏறி உள்ளிப் பாத்திக்குள் நின்றது. நாம் இருவரும் நீள பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கி அந்த அணையைக் கையால் பிய்த்தோம். விடிய வந்து பார்த்தால் முன்னைவிட வடிவாகக் கட்டி வைத்திருந்தன. அணைக்கு ஊடாகக் குழாய் வைத்துத் தண்ணீரை வடித்துப் பார்த்தாய். பொறி வைத்துப் பிடிக்க லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கூப்பிட்டாய். அவர் இரண்டைப் பிடித்துக்கொண்டு போனார், அடுத்த வருடம் முழங்கால் ஒப்பரேஷன் என்று கைவிரித்துவிட்டார். அந்த வருடம் உள்ளி பாதி அழுகியது. அழுகிய உள்ளியின் நாற்றம் உன் காருக்குள் ஒக்டோபர் வரைக்கும் இருந்தது.

அப்போதுதான் சொன்னாய், "நானே துவக்கு எடுக்கப் போறன்."

"உனக்கென்ன விசரே?" என்றேன். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள் நாங்கள்."

"அதுக்காக உள்ளிய அழுக விடுறதே? நீயும் வா. அந்த வெள்ளையளுக்கு நடுவில நான் தனிய இருக்கமாட்டன்."

துவக்கு என்றால் நமக்குத் தெரிந்தது ஊரில் ஆமி செக்பொயின்டில் நெஞ்சுக்கு நேரே நீட்டினது மட்டும்தான். அதன் பின்பக்கத்தை நாம் கண்டதில்லை. ஸ்கார்பரோவில் ஒரு மண்டபத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பு. இருபது ஆண்கள், எல்லாருக்கும் இலைதழை படம் போட்ட வேட்டைத் தொப்பி. பின்வரிசையில் சல்வாரோடு நாம் இரண்டு பேர், கையில் சோற்றுப் பார்சல். முதன்முதல் அந்த வெறும் துவக்கை மேசையிலிருந்து தூக்கச் சொன்னபோது நீ எடுத்த கையோடு திரும்ப வைத்துவிட்டாய். தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்பத் தூக்கினாய். சோதனையில் நான் மயிரிழையில் பாஸ். நீ எழுத்திலும் செய்முறையிலும் ஒரு பிழை விடவில்லை. திரும்பி வரும்போது வெக்ஸ்போர்ட் கடையில் தேத்தண்ணி வாங்கித் தந்து, என்னை மாதம் முழுக்க 'மயிரிழை' என்று கூப்பிட்டாய்.

அந்த விண்ணப்பப் படிவம் உனக்கு நினைவிருக்கும். கடந்த ஐந்து வருடத்தில் மனச்சோர்வுக்கு வைத்தியம் எடுத்தீர்களா என்று ஒரு கேள்வி. உனக்காகக் கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு பேரில் நான் ஒருத்தி. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "இல்லை எண்டு போடு, ஆர் போய் டொக்டரைக் கேக்கப் போயினம்" என்றேன்.

"பொய் எழுதமாட்டன். ஒரு துவக்கைக் கேட்டு எழுதிற பேப்பரில பொய் எழுதினா, பிறகு அந்தத் துவக்கை என்னெண்டு தொடுறது?" என்றாய்.

ஓம் என்று அடையாளமிட்டாய். கணவர் செத்தது, மருந்து எடுத்தது, நிறுத்தியது எல்லாவற்றையும் கீழே எழுதினாய். அதனால் உனக்கும் எனக்கும் போன் அடித்து விசாரித்தார்கள். ஐந்து மாதம் இழுபட்டது. லைசென்ஸ் வந்தது. அப்படிப்பட்டவள் நீ. இதை மறந்துவிடாதே, நான் இதற்குத் திரும்பவும் வருவேன்.

லைசென்ஸ் கையில் வந்தும் நீ உடனே கடைக்குப் போகவில்லை. மாகாண இயற்கைவள அமைச்சு அலுவலகத்துக்கு மூன்று தரம் போன் பண்ணினாய். பீவரை விரும்பினபடி சுட முடியாது, அது உரோமத்துக்காகப் பிடிக்கிற பிராணி, அதற்குத் தனி லைசென்ஸ் உண்டு. ஆனால் சொந்தக் காணியைச் சேதப்படுத்தினால், சொத்தைக் காப்பாற்ற, காணிக்காரர் கொல்லலாம். வேதனைப்படுத்தக்கூடாது. தோலை விற்கக்கூடாது. சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகு வெடி வைக்கக்கூடாது. பிறகு உள்ளூர் சபைக்கு அடித்து உன் காணியில் துவக்கு வெடிக்கலாமா என்று கேட்டாய். எல்லாவற்றையும் ஒரு சிவப்புக் கொப்பியில் எழுதினாய். பக்கத்தில் கதைத்த ஆளின் பெயரும் மணியும்.

கடையில் நின்ற பொடியன் நம்மைப் பார்த்து முதலில் மீன்தூண்டில் பக்கம் கையைக் காட்டினான். பீவருக்கு என்றதும் மானுக்கு எடுக்கிற பெரிய ரைஃபிளைத் தூக்கி வைத்தான். நீ கொப்பியைத் திறந்தாய். "உது தேவையில்லை. இதால வெடி வைச்சா பீவரையும் கடந்து அங்கால எங்க போகும் எண்டு ஆருக்குத் தெரியும்" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அவனிடம் இங்கிலிஷில் பக்குவமாகச் சொன்னாய். பிறகு, ஒரு குண்டு வெடித்ததும் அடுத்த ரவை தானாக ஏறுகிற ஒன்றைக் காட்டினான். அரசாங்கத்தின் தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டாய். இன்றைக்கு இல்லை என்றான். "இன்றைக்கு இல்லை என்கிறதை நான் வாங்கமாட்டேன்" என்றாய். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு உன்னிடம் மரியாதையாகக் கதைத்தான்.

வீட்டுக்குப் போய் யோசித்து, திரும்பி வந்து, திரும்பிப் போய், மூன்று மாதம் எடுத்தாய். நான் ஒரு கார் வாங்கவே இரண்டு கிழமைதான் எடுத்தேன்! கடைசியில் இரண்டு வாங்கினாய். ஒன்று ட்வென்டி-டூ என்கிற சின்ன ரைஃபிள், கையால் திருகி ஒவ்வொரு ரவையாக ஏற்றுகிறது. ரவை சின்ன விரல் நுனி அளவுதான். கரையில் ஏறி மரம் கொறிக்கிற பீவரை, மண்மேடு பின்னுக்கு இருக்கும்படி, கிட்ட நின்று காதுக்குப் பின்னால் ஒரு வெடி வைத்தால் போதும், அது துடிக்காது. மற்றது சன்னம் என்கிற சிறுகுண்டுகள் சிதறுகிற இருபதாம் நம்பர் சொட்கன். அணையின் மேல் நிற்கிற பீவருக்கு. சன்னத்திலும் தாரா வாத்துக்கு அடிக்கிற பொடிச் சன்னம் கூடாது, அது தோலில் ஏறிக் காயப்படுத்திவிட்டு விடும் என்று பெரிய சன்னம் உள்ள தோட்டாவாகத் தெரிந்தெடுத்தாய். அதைவிடப் பெரிய பன்னிரண்டாம் நம்பர் ஏன் வேண்டாம் என்று கேட்டேன். "என்ர தோள்மூட்டுக்கு உது காணும். உதைக்குப் பயந்து கண்ணை மூடினனெண்டா எந்த நம்பராலயும் பிரயோசனமில்லை" என்றாய்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய். 'தண்ணியைப் பாத்து வெடி இல்லை.' ட்வென்டி-டூ ரவை தண்ணீரில் பட்டால் உள்ளே போகாது, நாம் சின்ன வயதில் குளத்தில் ஓட்டுத்துண்டு எறிந்து தத்தவிட்டது மாதிரித் தத்திக்கொண்டு எங்கேயோ போகும். நீந்துகிற பீவரில் பட்டாலும் அது தண்ணீரின் அடிக்குத் தாண்டுபோகும், செத்ததா காயப்பட்டதா என்றே தெரியாது. இதை எனக்கு நீ பத்துத் தரமாவது சொல்லியிருப்பாய். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

நீ முதலாவதைச் சுட்ட பின்னேரம் நான் பக்கத்தில் இருந்தேன். மணி பார்க்கிறது என் வேலை. சூரியன் மறைந்து பதினெட்டு நிமிடம். பீவர் அணையில் ஏறி நின்று முகத்தைக் கழுவியது. ஒரு வெடி. அது அசையவில்லை. நீ துவக்கைத் திறந்து வெறுமை என்று எனக்குக் காட்டிவிட்டு, புல்லில் குந்தியிருந்து அழுதாய். பிறகு நாலு நாள் மச்சம் மாமிசம் சாப்பிடவில்லை. பின்னேரப் பின்னேரமாக மொத்தம் மூன்று சுட்டாய், மூன்று வெடி. அந்த வருடம் தண்ணீர் இறங்கியது. வால்ட்டர் உழுதார். உள்ளி விளைந்தது.

இதைத்தான் அவன் கவனயீனம் என்று எழுதியிருக்கிறான்.

மே மாத நீள விடுமுறைக்கு உன் தம்பி நாலு கூட்டாளிகளோடு காணிக்கு வந்தான். அவன் இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருடம், நிரந்தர வதிவிட பி.ஆர். கையில், சிற்றிசன் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு இருந்த நேரம். கூட்டாளிகளுக்கு முன்னால் அவனுக்கு வீரம் வந்துவிட்டது. "அக்கா, திறப்பைத் தாங்கோ, ஒருக்கால் பாத்திட்டுத் தாறன்." நீ சாவியைக் கொடுத்தாய். துவக்குப் பெட்டியின் திறப்பையும் கொடுத்தாய், ரவைப் பெட்டியின் திறப்பையும் கொடுத்தாய். இரண்டையும் வேறு வேறு இடத்தில் பூட்டிவைத்து, ஒன்றைக் கழுத்திலும் ஒன்றைக் கைப்பையிலும் கொண்டு திரிந்தவள். என்னைக்கூடத் தொடவிடாதவள். லைசென்ஸ் உள்ள நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாலாவது சட்டப்படி குற்றமில்லை. நீயோ கொட்டிலுக்குள் அவன் கூட்டாளிகளுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாய்.

"தம்பி கேட்டவன். என்னெண்டு இல்லை எண்டுறது?" என்று பிறகு என்னிடம் சொன்னாய். நம்முடைய சனத்தின் வியாதி இது. கிடாரம் கேட்டால் கொடுப்போம், கார் கேட்டால் கொடுப்போம், தம்பி கேட்டால் துவக்கும் கொடுப்போம்.

பட்டப்பகல். அணைக்குப் பின்னால் தேங்கிய குளத்தின் நடுவில் ஒரு பீவர் நீந்தியது. சின்னத் துவக்குத்தானே என்று அவன் ட்வென்டி-டூவை எடுத்துக் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்து வைத்தான். ரவை தத்தி, ஓடை கடந்து, வேலி கடந்து, வால்ட்டரின் நாயின் பின்னங்காலை உடைத்தது. நாய் போட்ட சத்தம் கேட்டு நீ மாக்கையோடு ஓடினாய். அவன் துவக்கைப் புல்லில் போட்டுவிட்டுக் கொட்டிலுக்குள் ஓடி ஒளிந்துவிட்டான், கூட்டாளிகளும் அவனோடு வாயைப் பூட்டிக்கொண்டார்கள். நீ அதை எடுத்து, ரவையை இறக்கி, கையில் வைத்துக்கொண்டு நின்றாய். பொலிஸ் வந்தபோது அப்படியே நின்றாய்.

"நான்தான் சுட்டனான்." ஒரு படிவத்தில் பொய் எழுதமாட்டேன் என்ற நீ, பொலிசுக்கு முன்னால், வால்ட்டருக்கு முன்னால், அப்படிச் சொன்னாய்.

அன்று பின்னேரம் எனக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னாய். நான் கத்தினேன். உன்னால் நம்பமுடியாத சொல்லெல்லாம் சொன்னேன்.

"அவனுக்குக் கேஸ் விழுந்தா சிற்றிசன் இல்லை. திருப்பி அனுப்பிப் போடுவாங்கள். எனக்கு என்ன, நான் சிற்றிசன். துவக்குத்தானே போகும்" என்றாய்.

"உன்ர பேர் போகும்."

"போகட்டும். நீ ஒருத்தரிட்டையும் சொல்லப்படாது. சத்தியம் பண்ணு. அவனுக்குச் சிற்றிசன் கிடைக்கட்டும், பிறகு நானே எல்லாருக்கும் சொல்லுறன். வால்ட்டர் அண்ணைக்கு முதல் சொல்லுவன்."

சத்தியம் பண்ணினேன். மடைச்சி.

துவக்குகள் போயின. லைசென்ஸ் போனது. ஐந்து வருடத்துக்குத் துவக்கைத் தொடக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. நாயின் காலை எடுத்துவிட்டார்கள். கோயிலில் சனம் உன்னைக் கண்டதும் 'துவக்கு அன்ரி' என்று குசுகுசுத்தது. அதையெல்லாம் நீ சிரித்துக்கொண்டு தாங்கினாய். தாங்கமுடியாமல் போனது வால்ட்டரின் கதவு. முதல் தரம் தாளோடு பின்னிக் கட்டிய உள்ளியோடு போனாய், வாங்கினார், கதைக்கவில்லை. இரண்டாம் தரமும் அப்படித்தான். மூன்றாம் தரம் உன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். அன்று எனக்குப் போனில் நீ கதைக்கவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. பிறகு டிராக்டர் வரவில்லை. பீவர்கள் வந்தன. என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, நான் வந்து சுடுகிறேன் என்றேன். "வேண்டாம், இனி அந்தக் காணியில வெடிச் சத்தம் கேட்டா அந்த மனுசன் நடுங்கும்" என்றாய். இரண்டு வருடம் தண்ணீருக்குள் நின்று மண்வெட்டியால் பாத்தி உயர்த்தினாய். போன இலையுதிர்காலம் காணியை விற்றாய்.

இந்த ஜனவரியில் அவனுக்குச் சிற்றிசன் கிடைத்தது. சின்னக் கொடியைப் பிடித்தபடி படம் போட்டான். அதற்கு மூன்று கிழமை கழித்து, கடும் பனி கொட்டிய ஒரு காலை, கெற்றிலை அடுப்பில் வைத்துவிட்டு நீ குசினிக்குள் விழுந்தாய். செத்தவீட்டில் அவன் மைக்கைப் பிடித்து அழுத அழுகைக்கு மண்டபமே அழுதது. நான் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

புரூவ் வந்த அன்று அவனுக்குப் போன் எடுத்தேன்.

"உந்தப் பதினோராம் பக்கத்தில என்ன எழுதி வைச்சிருக்கிறாய்?"

"என்ன நீங்கள், உண்மையைத்தானே எழுதினனான். எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். எழுதாம விட்டா மறைக்கிறம் எண்டு நினைப்பினம்."

"ஆர் சுட்டது?"

"அக்காவே சொன்னவதானே, தான் சுட்டதெண்டு. இனி அதைக் கிளறி என்ன வரப்போகுது? அக்கா திரும்பி வரப்போறாவோ?"

"அந்த வரியை எடு. இல்லையெண்டா அந்தியேட்டி அண்டைக்கு மைக்கை நான் பிடிப்பன். உனக்கு என்னைத் தெரியும்."

எடுத்துவிட்டான். மறுநாள் வேறு புரூவ் வந்தது, அந்த இடத்தில் 'கைராசிக்காரி' என்று ஏதோ போட்டிருந்தது. எனக்கு ஆறவில்லை. பொய்யை எடுத்தால் உண்மை வந்துவிடுமா? அவன் சிற்றிசன் ஆகிவிட்டான், என் சத்தியமும் முடிந்தது. நீ வால்ட்டருக்கு முதலில் சொல்வேன் என்றாய். நீ இல்லை, நான் சொல்கிறேன் என்று போன சனிக்கிழமை காலை காரை எடுத்தேன்.

வழியெல்லாம் இங்கிலிஷில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அந்த மனிதர்மீதும் எனக்குக் கோபம்தான். உன்னோடு அத்தனை வருடம் பழகியும், நீ தண்ணீரைப் பார்த்துச் சுடுகிறவள் இல்லை என்று தெரியாமல் போய்விட்டதே என்று. கதவைத் திறந்தார். நன்றாக மெலிந்துவிட்டார். நாய் மூன்று காலில் வந்து என் கையை மணந்தது. நீ போய்விட்டாய் என்றேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே கூப்பிட்டு இருத்தினார்.

நான் பாடமாக்கிக்கொண்டு போனதைச் சொன்னேன். அவள் சுடவில்லை, அவள் தம்பி சுட்டான், அவனைக் காப்பாற்றப் பொய் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, இந்த மனிதர் இப்போது தலையில் கைவைக்கட்டும், அழட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் அழவில்லை. எனக்குத் தெரியும் என்றார்.

அன்று அவர் களஞ்சியத்து வாசலில் நின்றிருக்கிறார். கரையில் நீலச் சட்டை போட்ட ஒரு ஆண் துவக்கை நீட்டியதைப் பார்த்திருக்கிறார். அவர் வாய் திறக்கமுதல் நீ ஓடிவந்து நான்தான் என்றுவிட்டாயாம். பொலிஸ் தன்னிடம் யார் என்று கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் உனக்குக் காரணம் இருக்கும் என்று சொல்லாமல் விட்டிருப்பேன் என்றார்.

"பிறகு ஏன் கதவைச் சாத்தினீர்கள்?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார். பொலிசுக்குச் சொன்னதைப் பற்றித் தனக்கு ஒன்றுமில்லையாம். ஆனால் நீ உள்ளியைக் கொண்டுவந்து, இதே வாசலில் நின்று, தன் கண்ணைப் பார்த்து, 'நான் சுட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று மூன்று தரம் சொன்னாயாம். ஒவ்வொரு தரமும் இன்றைக்குச் சொல்லுவாள், இன்றைக்குச் சொல்லுவாள் என்று காத்திருந்தாராம். என்னை நம்பவில்லையே என்றுதான் கோபம் வந்தது என்றார். ஒரு சொல் சொல்லியிருந்தால் அடுத்த நாளே டிராக்டரோடு வந்திருப்பேன் என்றார். அவள் எப்படித் துவக்குப் பிடிக்கிறவள் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்டார்.

நீ ஒரு சொல்லை விழுங்கினாய், அவர் ஒரு சொல்லை விழுங்கினார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு காணி தண்ணீரில் அழுகியது. அடி பாவி, அந்த மனிதர் உன்னைக் காட்டிக் கொடுத்திருப்பாரா? முன்பின் தெரியாத அதிகாரிக்கு உன் மருந்துப் போத்தல் வரைக்கும் எழுதிக் கொடுத்தாயே, வேலியில் சாய்ந்து நின்ற மனிதரிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? அவ்வளவு கோபம் வந்தது எனக்கு. நீ உயிரோடு இருந்திருந்தால் உன் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

எழும்பும்போது அவர் கேட்டார். "உனக்கு எப்போது தெரியும்?"

"அன்றைக்கே" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோட்டை எடுத்துத் தந்து, வாசல் வரைக்கும் வந்து, பனி உருகி வழுக்குகிறது, கவனம் என்றார். கதவைச் சாத்தவில்லை. நான் காரைத் திருப்பும்வரை திறந்தபடியே நின்றார்.

நெடுஞ்சாலைக்கு ஏறமுதல் ஓரமாக நிறுத்திவிட்டேன். மூன்று வருடமாக அந்த மனிதரின் நம்பர் என் போனில் இருந்தது. ஒருமுறை உனக்குக் காய்ச்சல் என்று அவர்தான் எனக்கு அடித்தவர், அப்போது பதிந்துவைத்தது. நீ தண்ணீருக்குள் நின்று பாத்தி உயர்த்தின நாளிலும் இருந்தது. கதவு சாத்தின அன்று, நீ மூச்சு மட்டும் விட்ட அன்று, அதே போனைத்தான் காதில் வைத்திருந்தேன். உன் தம்பியைத் திட்டினேன், கிழவரைத் திட்டினேன், உன்னைத் திட்டினேன். சத்தியம், சத்தியம் என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்த என்னை மட்டும் நல்ல சிநேகிதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதைத்தான் இப்போது கொண்டு திரிகிறேன். விடிய பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணும்போதும் கூட வருகிறது, பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் பஸ்ஸைத் திருப்பும்போதும் இருக்கிறது. அந்தக் கிழவருக்கு ஒரு போன் எடுத்து நாலு வசனம் சொல்லியிருக்கலாம். உனக்குத் தெரியவந்தால் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாய். ஒரு மாதம் என்னோடு கதைக்காமல் இருந்திருப்பாய். அவ்வளவுதானே.